கடையில் விற்காத தோட்டாவுக்கு ஒரு ரைஃபிள்: ஆசைக்குச் செய்யலாமா?

டெக்சாஸில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நான்கு வருடமாக .30-06 (துளை ஏறத்தாழ 0.30 அங்குலம்) ரைஃபிளில் மான் வேட்டைக்குப் போகிறார். சுட்ட பித்தளைக் கூடுகளில் மறுபடி வெடிமருந்து நிரப்பித் தோட்டா செய்யவும் பழகிவிட்டார். இப்போது எந்தக் கம்பெனியும் விற்காத ஒரு பெரிய துளை வைல்ட்கேட் தோட்டாவுக்கு, தன் விருப்பப்படி ஒரு ரைஃபிள் செய்துகொள்ள ஆசை. யானை, எருது வேட்டைக்கு ஆப்பிரிக்கா போகும் திட்டம் எதுவும் இல்லை, வெறும் ஆசைக்குத்தான் என்கிறார். எதில் தொடங்கலாம், எங்கே பணம் வீணாகும் என்பது அவருடைய கேள்வி.

நான் கோயம்புத்தூரில் லேத் பழகியவன். இங்கே அரிசோனாவுக்கு வந்தும் டூல் ரூம் வேலைதான். சனிக்கிழமைகளில் துப்பாக்கி செய்து பழுதும் பார்க்கும் ஒரு வயதான கன்ஸ்மித்தின் பட்டறையில் நின்று இந்த வேலையைக் கற்றுக்கொண்டேன். இதுபோன்ற ரைஃபிள்கள் மூன்றில் கை வைத்திருக்கிறேன், அவற்றில் ஒன்று என்னுடையது.

ஆசைக்காகத் தாராளமாகச் செய்யலாம், தம்பி. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் தோட்டாவை வடிவமைப்பதில்தான் மூளையைச் செலவழிக்கிறார்கள். இந்த வேலையில் அது சுலபமான பாதி. அந்தத் தோட்டா மேகசினிலிருந்து (தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் பெட்டி) சேம்பருக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) தடுக்காமல் போக வேண்டும், உதைக்கும்போது கட்டை (தோளில் வைக்கும் மரப்பகுதி) பிளக்காமல் இருக்க வேண்டும். பணமும் நேரமும் போவது இந்த இரண்டில்தான்.

வைல்ட்கேட் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். அமெரிக்காவில் தோட்டாக்களின் அளவையும் அழுத்தத்தையும் வரையறுத்து வைப்பது சாமி (SAAMI) என்ற தொழில் அமைப்பு. 1926-இல் தொடங்கியது. அதன் பட்டியலில் ஏறாத, எந்தத் தொழிற்சாலையும் பெட்டியில் போட்டு விற்காத தோட்டாதான் வைல்ட்கேட். ஏற்கெனவே கிடைக்கும் ஒரு பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை விரித்தோ சுருக்கியோ, உடம்பை வெட்டிக் குட்டையாக்கியோ, தோளை (உடம்பு கழுத்தாக ஒடுங்கும் சரிவு) முன்னே தள்ளியோ ஒருவர் புதிதாக ஒன்றைச் செய்கிறார். நன்றாக அமைந்தால் நாலு பேர் பின்பற்றுவார்கள், சில சமயம் கம்பெனியே எடுத்துக்கொள்ளும். நீங்கள் வைத்திருக்கும் .30-06 இருக்கிறதே, அதன் கூட்டிலிருந்து பிறந்த பிள்ளைகள் ஏராளம். கழுத்தைச் சுருக்கினால் .25-06. பல பத்தாண்டுகள் வைல்ட்கேட்டாகவே இருந்த அதை 1969-இல் ரெமிங்டன் எடுத்துக்கொண்டது. கழுத்தை விரித்தால் .35 வீலன். 1922-இல் பிறந்த அது கடைக்கு வர அறுபது வருடத்துக்கு மேல் ஆனது.

பெரிய துளைத் துப்பாக்கிகளின் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1898-இல் லண்டனில் ரிக்பி கம்பெனி .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. யானை, காட்டெருது வேட்டைக்கு அதுவே அளவுகோல் ஆகிவிட்டது. பத்து வருடம்கூட ஆகவில்லை. 1907-இல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவுத் தோட்டாக்களுக்குத் தடை போட்டது. பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிகளின் குண்டும் (தோட்டாவிலிருந்து பறந்து போகும் பகுதி) அதே அளவு. திருட்டுப்போன அந்தத் துப்பாக்கிகளுக்கு வேட்டைக்காரர்களின் குண்டு போய்ச் சேர்ந்துவிடும் என்று அரசு பயந்தது. பெரிய சந்தையான இந்தியாவை விட முடியாத துப்பாக்கிக் கம்பெனிகள், தடையில் மாட்டாத அளவுகளை அவசர அவசரமாகத் தேடின. .465, .470, .475, .476 என்று வரிசையாக வந்தன. அவற்றில் .470 இன்றும் தொழிற்சாலையில் தயாராகிறது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த அளவுகள் விஞ்ஞானம் கண்டுபிடித்த தங்க விகிதங்கள் கிடையாது. .458-க்கும் .470-க்கும் நடுவே ஏதோ மந்திர வித்தியாசம் இருப்பதாக நினைத்து இரவெல்லாம் அட்டவணை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எதற்குக் குண்டு சுலபமாகக் கிடைக்கும் என்று பாருங்கள், போதும்.

அப்புறம் .458 லாட் கதை. பெரிய துளை வைல்ட்கேட் ஏன் பிறக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் இரட்டைக்குழல் ரைஃபிள்கள் சாதாரண ஆளின் கைக்கு எட்டவில்லை. 1956-இல் வின்செஸ்டர், போல்ட் ரைஃபிளில் (கையால் தள்ளி இழுக்கும் தாழ் உள்ளது) போட்டுச் சுடுகிற .458 வின்செஸ்டர் மேக்னத்தைக் கொண்டுவந்தது. .470-இன் வலுவை, சாதாரண நீள ரைஃபிளில், கொஞ்ச விலைக்குத் தருவது நோக்கம். 500 கிரெயின், அதாவது 32 கிராம் எடையுள்ள குண்டை வினாடிக்கு 650 மீட்டர் வேகத்தில் அனுப்பும் என்று சொன்னார்கள். ஆனால் கூட்டின் நீளம் இரண்டரை அங்குலம்தான். அந்த வேகத்துக்குத் தேவையான மருந்தை அதில் அமுக்கி அமுக்கித்தான் நிரப்ப வேண்டியிருந்தது. அப்படி அமுக்கிய மருந்து வெயிலில் வருடக்கணக்கில் கிடந்து கட்டி தட்டிவிடும். சுட்டால் பாதி எரியும், பாதி எரியாது, குண்டு சோர்ந்துபோய் வெளியே வரும். எதிரே நிற்பது காட்டெருதாக இருக்கும்போது அந்தச் சோர்வு ஆளைக் கொல்லும்.

ஜாக் லாட் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் 1959-இல் மொசாம்பிக்கில் ஒரு எருதால் மோதப்பட்டுப் படுகாயப்பட்டவர். அவர் தேடிக் கண்ட தீர்வு மிக எளிமையானது. .375 ஹாலந்து தோட்டாவின் நீளமான கூட்டை எடுத்து, கழுத்துப் பகுதியை .458 குண்டுக்கு விரித்து, 2.8 அங்குலத்தில் வெட்டினார். வின்செஸ்டரைவிட ஏழரை மில்லிமீட்டர் அதிக நீளம், அவ்வளவே. அந்த இடத்தில் மருந்து நெரிசல் இல்லாமல் உட்கார்ந்தது, அதே குண்டு வினாடிக்கு 700 மீட்டரில் போனது. 1971-இல் அவர் செய்த இந்த வைல்ட்கேட் முப்பது வருடம் பட்டறைப் பொருளாகவே இருந்து, 2002-இல் ஹார்னடி தோட்டாவாகவும் ரூகர் ரைஃபிளாகவும் கடைக்கு வந்தது. லாட் சேம்பரில் பழைய .458 வின்செஸ்டர் தோட்டாவையும் போட்டுச் சுடலாம் என்பது கூடுதல் வசதி. ஒரு குறை கண்ணுக்குத் தெரிந்தது, அந்தக் குறைக்கு மட்டும் மருந்து கண்டார். நல்ல வைல்ட்கேட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் பிறந்திருக்கின்றன.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். குண்டு விட்டம் .458 என்று முடிவு செய்துகொள்ளுங்கள். 1873-இல் வந்த .45-70 இன்றும் அமெரிக்காவில் ஓயாமல் விற்கிறது, அதன் குண்டும் .458தான். அதனால் 300 கிரெயின் முதல் 500-க்கு மேல் வரை எல்லா எடையிலும் குண்டு கிடைக்கிறது. ஈயத்தை உருக்கி வீட்டிலேயே வார்க்க அச்சும் சுலபமாகக் கிடைக்கிறது. .475, .510 போன்றவற்றுக்குப் போனால் ஒரு பெட்டிக் குண்டின் விலையைப் பார்த்ததும் சுடுவதே குறைந்துவிடும். ஆசைக்குச் செய்கிற ரைஃபிள் அடிக்கடி சுடும் ரைஃபிளாக இருக்க வேண்டும். பெட்டிக்குள் தூங்கினால் என்ன பயன்?

கூட்டுக்கு என் சிபாரிசு .458×2 அமெரிக்கன் என்ற பழைய வைல்ட்கேட். ஃபிராங்க் பார்ன்ஸ் வடிவமைத்தது. .458 வின்செஸ்டர் கூட்டை இரண்டரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலமாக வெட்டினால் வேலை முடிந்தது. வலு, .45-70 தோட்டாவைப் பலமான நவீன ரைஃபிளில் முழு அழுத்தத்தில் சுடுவதற்கு ஏறத்தாழ நிகர். கரடி, மூஸ், காட்டுப்பன்றி எல்லாவற்றுக்கும் தாராளம். உதைப்பு லாட்டில் பாதி அளவில் நிற்கும். சாதாரண நீள ஆக்ஷனிலேயே (போல்ட்டும் அது ஓடும் உடல் பகுதியும்) அடங்கிவிடும். முதல் பெரிய துளை ரைஃபிளுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை. இல்லை, முழு வலுதான் வேண்டும் என்றால் நேராக லாட்டுக்கே போங்கள். அது இப்போது வைல்ட்கேட் கிடையாது, ஆனாலும் ரைஃபிளை உங்கள் விருப்பப்படி செய்துகொள்ளத் தடை இல்லை.

இந்த இரண்டையும் நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் ஹெட்ஸ்பேஸ். தோட்டா சேம்பருக்குள் எந்த இடத்தில் தட்டி நிற்கிறது என்பதுதான் அது. சில தோட்டாக்கள் பின்புற விளிம்பில் நிற்கும், சில தோளில் நிற்கும். இந்தக் குடும்பம், கூட்டின் அடியில் இருக்கும் பெல்ட் என்ற தடித்த வளையத்தில் நிற்கிறது. கழுத்தை எவ்வளவு விரித்தாலும், உடம்பை எங்கே வெட்டினாலும் அந்த வளையம் அங்கேயேதான் இருக்கும். .30-06 கூட்டை .40 அளவுக்கு விரித்து .400 வீலன் என்று ஒன்று செய்தார்கள். விரித்த பிறகு தோள் என்று மிஞ்சுவது இரண்டு மூன்று காகிதத் தாள்களின் கனம்தான். அதை நம்பித் தோட்டா நிற்குமா, நிற்காதா என்று நூறு வருடமாக வாதம் நடக்கிறது. நிற்காவிட்டால், விசையை இழுத்ததும் ஊசி அடிக்கிற அடியில் தோட்டா முன்னே நகரும். வெடித்ததும் கூட்டின் அடிப்பகுதி மட்டும் பின்னே இழுபடும், பித்தளை நடுவே மெலிந்து கிழியும். உள்ளே இருப்பது நாலாயிரம் பார் அழுத்தம் வரை போகும் வாயு. கிழிந்த இடத்தில் அது முகத்தை நோக்கி வரப் பார்க்கும். முதல் ரைஃபிளில் இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

கூடு செய்கிற வேலையில் ஒரு அழகு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தோளை முன்னே தள்ள வேண்டிய வைல்ட்கேட்டுகளுக்கு, கூட்டில் வேகமாக எரியும் மருந்தைக் கொஞ்சம் போட்டு, மேலே ரவையை நிரப்பி, குண்டே வைக்காமல் சுடுவார்கள். ஆமாம், நாம் உப்புமா கிளறும் அதே கோதுமை ரவைதான். வெடிக்கும் வாயு ரவையை நாலா பக்கமும் அழுத்த, பித்தளை சேம்பரின் வடிவத்துக்கு அப்படியே விரிந்துகொள்ளும். பட்டறை முழுக்கத் தீய்ந்த ரவை வாசனை வரும். கழுத்தை விரிப்பதற்கு முன்னால் பித்தளையைப் பதப்படுத்தவும் வேண்டும். இந்தக் கூடு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்தது. வளைக்க வளைக்க, தட்டத் தட்ட இறுகி, ஒரு கட்டத்தில் வெடிப்பு விடும். அதனால் கழுத்தை மட்டும் தீயில் காட்டி இளக்குவார்கள். அடிப்பாகம் இளகினால் ஆபத்து. அதனால்தான் கூடுகளைத் தண்ணீர் ஊற்றிய தட்டில் பாதி முழுக நிறுத்தி வைத்துவிட்டுத் தீ காட்டுவது வழக்கம். .458×2-க்கு இதில் எதுவும் தேவையில்லை. வெட்டி, வாயைச் சீவி, அளந்து பார்த்தால் போதும்.

ஆக்ஷனுக்கு வருவோம். மவுசர் 98 வம்சத்தில் ஏதாவது ஒன்றை எடுங்கள். தோட்டா மேகசினிலிருந்து எழும்பும்போதே போல்ட்டின் பெரிய நகம் அதன் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், சேம்பருக்குள் போய்ச் சேரும் வரை கையை விடாது. பழைய வின்செஸ்டர் 70, சிஇசட் 550 மேக்னம், முதல் உலகப் போர்க்கால என்ஃபீல்ட் பி14, எம்1917 எல்லாம் இந்த ஜாதி. பெரிய துளைக்கு ஆசைப்படுகிறவர்கள் பல பத்தாண்டுகளாக என்ஃபீல்டைத் தேடி வாங்கக் காரணம், அது நீளமானது, கனமானது, விலை குறைவு. ஆனால் ஒரு எச்சரிக்கை. நூறு வருடம் பழைய இரும்பு அது. அந்தக் காலத்தில் சில தொழிற்சாலைகளில் குழலை அளவுக்கு மீறி முறுக்கி ஏற்றினார்கள். இன்று அதைக் கழற்றும்போது ரிசீவரின் (குழல் திருகி ஏறும் உடல் பகுதி) வளையத்தில் மயிரிழை விரிசல் விட்டுவிடும். நான் முதலில் வாங்கிய எம்1917 அப்படித்தான் போனது. வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. காந்தப் பொடி போட்டுச் சோதித்தபோது கறுப்பாக ஒரு கோடு, அரை அங்குல நீளத்துக்கு. அதை வெட்டி எறிந்துவிட்டு வேறு வாங்கினேன். சோதனைக் கூலி சொற்பம். குழல் வாங்கும் முன்னால் அதைச் செய்துவிடுங்கள்.

குழலையும் சேம்பரையும் நான் வேகமாகக் கடந்துபோகிறேன். நல்ல கன்ஸ்மித்துக்கு அது அன்றாட வேலை. வைல்ட்கேட்டாக இருந்தால் அதற்கென்று ஒரு ரீமரை (சேம்பரை வெட்டும் கருவி) தனியாகக் கடைந்து வாங்க வேண்டும், சில நூறு டாலர் ஆகும். பழைய வைல்ட்கேட்டுகளுக்குச் சில பேர் ரீமரை வாடகைக்குத் தருகிறார்கள். வெட்டி முடிந்ததும் செரோசேஃப் என்ற உலோகத்தை உருக்கி சேம்பரில் ஊற்றி வார்ப்பு எடுக்கச் சொல்லுங்கள். கொதிக்கும் தண்ணீரின் சூட்டிலேயே உருகிவிடும் கலவை அது. வெள்ளிபோலப் பளபளவென்று உங்கள் சேம்பரின் உட்புறம் கையில் வந்து விழும். ஊற்றியதும் முதலில் கொஞ்சம் சுருங்கும், பிறகு மெல்ல விரியும். சுமார் ஒரு மணி நேரத்தில் சேம்பரின் சரியான அளவுக்கு வரும், அதன் பிறகும் விரிந்துகொண்டே போகும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் மைக்ரோமீட்டரை வைக்க வேண்டும். மறுநாள் அளந்துவிட்டு ரீமர் தப்பு என்று சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனிதான் முக்கியமான விஷயம். மேகசின்.

தோட்டாக்கள் மேகசினுக்குள் இடமும் வலமுமாக, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து உட்காருகின்றன. அடியில் ஒன்று, பக்கத்தில் மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று. மூன்று வட்டங்களின் மையங்களைக் கோட்டால் இணைத்தால் சம பக்க முக்கோணம் வர வேண்டும். அப்படி வர, பெட்டியின் அகலம் தோட்டா விட்டத்தைப் போல 1.866 மடங்கு இருக்க வேண்டும். மவுசர் கம்பெனி இந்தக் கணக்கில்தான் ஒவ்வொரு தோட்டாவுக்கும் தனித்தனிப் பெட்டி செய்தது. நான் சொன்ன பெல்ட் குடும்பத்தின் உடம்பு விட்டம் 13 மில்லிமீட்டர். ஆகவே 24.3 மில்லிமீட்டர் அகலம் தேவை. .416 ரிக்பி குடும்பத்தின் கூடு 15 மில்லிமீட்டர், அதற்கு 28 வேண்டும். யாராவது சாதாரணப் பெட்டியில் ரிக்பிக் கூட்டை அடக்கித் தருகிறேன் என்று சொன்னால் விலகிவிடுங்கள். அகலம் குறைந்தாலும் கூடினாலும் தோட்டா ஒழுங்காக மேலே வராது.

பெட்டி சரியானாலும் வேலை முடியவில்லை. தோட்டாவை மேலே எழும்பாமல் பிடித்து வைத்திருக்கும் இரண்டு உதடுகள் ரிசீவரில் இருக்கின்றன. .30-06 போன்ற கழுத்து சிறுத்த தோட்டா, தானே வழி கண்டுபிடித்து சேம்பருக்குள் போய்விடும். .458 அப்படியில்லை. கழுத்தும் உடம்பும் ஏறக்குறைய ஒரே தடிமன், முன்னால் மொட்டையான குண்டு. சரிவுப் பாதையில் மூக்கு முட்டி நிற்கும். என் ரைஃபிளில் இந்த ஒரு வேலைக்கு மட்டும் நாலு சனிக்கிழமை போனது. மருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) இல்லாத டம்மி தோட்டா பத்து செய்துகொண்டோம். உதடுகளில் நீல மையைத் தடவி, ஒரு டம்மியை மெதுவாகத் தள்ளி, மை எங்கே அழிந்திருக்கிறது என்று விளக்கில் பார்ப்பது. அந்த இடத்தில் மட்டும் எண்ணெய்க் கல்லால் ஏழெட்டு இழுப்பு. மறுபடி மை, மறுபடி டம்மி. பெரியவர் என் கையிலிருந்து கல்லை வாங்கிக் கீழே வைத்துவிட்டுச் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "போதும், காபி குடித்துவிட்டு வா. எடுத்த இரும்பு திரும்ப வராது." உதடு ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்தால் தோட்டா பாதி வழியிலேயே துள்ளி வெளியே விழும். அப்புறம் வெல்டிங் வைத்து, சூட்டில் இரும்பின் பதம் கெட்டதா என்று கவலைப்பட்டு, எல்லாம் முதலிலிருந்து. நாலாவது சனிக்கிழமை மாலை, போல்ட்டைத் தள்ளும்போது ஏதும் இல்லாத ரிசீவரில் தள்ளுவதுபோல இருந்தது. தோட்டா உள்ளே போனது கைக்கே தெரியவில்லை. வேகமாகத் தள்ளினோம், மெதுவாகத் தள்ளினோம், ரைஃபிளைப் பக்கவாட்டில் சாய்த்துத் தள்ளினோம். தலைகீழாகப் பிடித்தும் போனது. இந்த வேலைக்கு அவர் கேட்ட கூலி, குழலை ஏற்றி சேம்பர் வெட்டிய கூலியைவிட அதிகம். ஒரு டாலர்கூடக் குறைக்கச் சொல்லத் தோன்றவில்லை.

அடுத்தது கட்டை. உதைப்பைப் பற்றி ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். லாட் தோட்டாவில் 32 கிராம் குண்டு 700 மீட்டர் வேகத்தில் முன்னே போகிறது, அதோடு எரிந்த வாயுவும் வேகமாக வெளியேறுகிறது. அதற்கு ஈடாக நாலரைக் கிலோ ரைஃபிள் வினாடிக்குச் சுமார் ஆறரை மீட்டர் வேகத்தில் பின்னே வரும். அதே ரைஃபிளை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து தோளின் மேல் போட்டால் என்ன வேகத்தில் விழுமோ, அந்த வேகம். உங்கள் .30-06 தருவதைப்போல மூன்று மடங்கு ஆற்றல். மனிதத் தோள் பின்னே நகர்ந்து இதைத் தாங்கிக்கொள்ளும். கட்டைக்கு நகர இடமில்லை.

என் முதல் கட்டை வால்நட் மரம். சுழி சுழியாக, தேன் வழிந்ததுபோல வரிகள் ஓடும். அந்த அழகுக்காகவே வாங்கினேன். பதினொன்றாவது வெடியில் போனது. ரிசீவரின் வால் முடியும் இடத்திலிருந்து, கை பிடிக்கும் ஒடுங்கிய பகுதியில் ஒரு தலைமயிரை ஒட்டி வைத்ததுபோல் ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், நகம் மாட்டியது. காரணம் இரண்டு. மரத்தின் வரி பிடியின் ஊடே நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே இறங்கியிருந்தது. பின்புறம் எவ்வளவு அழகான சுழி இருந்தாலும் பரவாயில்லை, பிடியில் மட்டும் வரி நேராக ஓட வேண்டும். இரண்டாவது, ரிசீவரின் வாலுக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளியே விடாமல் இறுகப் பொருத்தியிருந்தேன். உதைக்கும்போது அந்த வால் உளிபோல மரத்தைப் பிளந்துவிட்டது. அங்கே ஒரு தடித்த காகிதம் நுழையும் அளவு சந்து இருக்க வேண்டும். உதைப்பை எல்லாம் முன்னால் ரிசீவரின் அடியில் துருத்தி நிற்கும் ரீகாயில் லக் என்ற இரும்புக் கட்டி தாங்க வேண்டும். பெரிய துளைக்கு அந்த ஒன்று போதாது. குழலின் அடியிலும் இரண்டாவது லக் ஒன்றைப் பொருத்தி, இரண்டையும் எபாக்ஸியில் படுக்கவைத்து, கட்டையின் குறுக்கே இரண்டு எஃகு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். இரண்டாவது கட்டையில் இதையெல்லாம் செய்தேன். முன்னூறு வெடிக்கு மேல் ஆகிவிட்டது, கோடு எதுவும் இல்லை.

சுடும்போது நின்றுகொண்டு சுடுங்கள். மேசையில் குனிந்து உட்கார்ந்து சுட்டால் உடம்பு பின்னே போக வழியில்லாமல் முழு அடியும் தோள் எலும்பில் இறங்கும். ரைஃபிளைக் கட்டிப்போட்டு ஈய மூட்டை ஏற்றும் ஸ்டாண்டுகளும் வேண்டாம். தோள் தப்பிக்கும், கட்டை பிளக்கும். ஸ்கோப் வைப்பதானால் கண்ணுக்கும் அதற்கும் நாலு அங்குலம் இருக்கட்டும். இல்லாவிட்டால் புருவத்தில் பிறை வடிவில் தழும்பு விழும். குழல் முனையில் மாட்டி வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் மசில் பிரேக் உதைப்பைக் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சத்தம் பக்கத்தில் நிற்பவர் காதை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். ரைஃபிளின் எடையைக் கூட்டுவதே நல்ல வழி.

சட்டம் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவில், துப்பாக்கி வைத்திருக்கத் தடை இல்லாதவர் சொந்த உபயோகத்துக்கு இப்படி ஒரு ரைஃபிளைச் செய்துகொள்ள மத்திய சட்டத்தில் இடம் உண்டு. மாநிலச் சட்டம் வேறாக இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். துளை அரை அங்குலத்தைத் தாண்டினால், வேட்டை உபயோகத்துக்கென்று விலக்குப் பெற்றது தவிர மற்றவை நாசகார ஆயுதம் என்ற வகையில் போய்விடும். .458-இல் நிற்க இதுவும் ஒரு காரணம். இதை இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதோ மாற்றுவதோ குற்றம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கும் வழியில்லை. அங்கே இது படித்து ரசிக்கும் விஷயம் மட்டுமே.

பின்னாளில் ஆப்பிரிக்கா போகும் எண்ணம் வந்தால் வைல்ட்கேட்டை எடுத்துப் போகாதீர்கள். யானை, எருது வேட்டைக்குக் குறைந்தபட்சம் .375 அளவு என்று பல நாடுகளில் விதி உண்டு, அதில் சிக்கல் வராது. ஆனால் விமானத்தில் தோட்டா ஐந்து கிலோவுக்கு மேல் கொண்டுபோக முடியாது. அந்தப் பெட்டி வழியில் தொலைந்தால், உங்கள் தோட்டா அந்தக் கண்டத்திலேயே இருக்காது. கூட்டின் அடியில் பொறித்த பெயரும் ரைஃபிளில் பொறித்த பெயரும் வேறாக இருந்தால் சுங்கத்திலும் பேச்சு வளரும். லாட் என்றால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. குழலின் மேல் உங்கள் தோட்டாவின் சரியான பெயரைப் பொறிக்கச் சொல்லுங்கள். நாளைக்கு உங்கள் மகனோ, அதை வாங்குகிறவரோ தப்பான தோட்டாவைப் போட்டுவிடக் கூடாது. அதே பெட்டியில் ஒரு அட்டையில் கூட்டின் நீளம், ரீமரின் வரைபடம், நீங்கள் நிரப்பும் மருந்து விவரம் எல்லாம் எழுதி வையுங்கள். மருந்து அளவை யாரிடமும் கேட்டு அப்படியே போடாதீர்கள், என்னிடமும் கேட்க வேண்டாம். ஒவ்வொரு சேம்பரும் வேறு. கீழிருந்து தொடங்கி, குரோனோகிராப் வைத்து வேகத்தைப் பார்த்து, கூட்டின் அடியை ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் மைக்ரோமீட்டரில் அளந்து மேலே போவதுதான் வழி.

இப்போது செய்ய வேண்டியது இது. ரீமருக்கும் குழலுக்கும் பணம் கட்டாதீர்கள். .458 வின்செஸ்டர் கூடு ஐந்து வாங்கி இரண்டு அங்குலத்துக்கு வெட்டுங்கள். பிரைமர், மருந்து எதுவும் போடாமல், நீங்கள் சுட நினைக்கும் அதே குண்டை வைத்து ஐந்து டம்மி செய்யுங்கள். குண்டின் மூக்கு மொட்டையாக ஒன்று, உருண்டையாக ஒன்று என்று இரண்டு வகையும் இருக்கட்டும். அவற்றையும் நீங்கள் வாங்கப்போகும் ஆக்ஷனையும் ஒன்றாகக் கொண்டுபோய் கன்ஸ்மித்தின் மேசையில் வைத்து, இது தடுக்காமல் உள்ளே போகுமா என்று மட்டும் கேளுங்கள். குழலைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் பேச ஆரம்பிப்பவராக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். பேசாமல் டம்மியை எடுத்து மேகசினில் போட்டு, போல்ட்டை மெதுவாகத் தள்ளிப் பார்ப்பவராக இருந்தால் அவரிடம் வேலையைக் கொடுங்கள்.